சூப்பர்ஹீரோ நிஜத்தில் வந்தால், கைதட்டலுக்கு அப்புறம் என்ன?

1964 பிப்ரவரியில் தொடங்கி ஜூலை வரை, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி மக்கள் நாள்தோறும் வானத்தில் வெடிச்சத்தம் கேட்டார்கள். போர் எதுவும் இல்லை. ஒலியைவிட வேகமாகப் போகும் பயணி விமானங்களை விட்டால் கீழே குடியிருப்பவர்கள் சகித்துக்கொள்வார்களா என்று தெரிந்துகொள்ள, அரசே போர் விமானங்களை அந்த ஊருக்கு மேலே ஓட்டிப் பார்த்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும் எதுவும் காற்றை நெருக்கி ஓர் அதிர்வலையைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும்; அது தரையைத் தொடும்போது இடி விழுந்த மாதிரி கேட்கும். ஆறு மாதத்தில் மொத்தம் 1,253 இடிகள். முதல் 14 வாரத்திலேயே ஊரின் மிக உயரமான இரண்டு கட்டடங்களில் 147 ஜன்னல் கண்ணாடிகள் போயின. 15,000-க்கு மேல் புகார்கள் வந்தன. சுவரில் விரிசல், கண்ணாடி போச்சு என்று இழப்பீடு கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் மனுப் போட்டார்கள். நாளடைவில் பழகிவிடும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். பழகவில்லை. நான்கில் ஒருவருக்கு மேல் ‘இதோடு வாழ முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். 1973-ல் தரைக்கு மேலே பயணி விமானங்கள் ஒலியைத் தாண்டிப் பறக்க அமெரிக்கா தடை போட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்தத் தடை நீடித்தது.

சூப்பர்ஹீரோ பற்றிய கட்டுரையில் இது எதற்கு? மேலங்கி படபடக்க ஒருவர் ஒலியைவிட வேகமாகப் பறந்து வந்து பத்தாவது மாடியிலிருந்து விழும் குழந்தையைப் பிடிக்கிறார் என்று வையுங்கள். அவரும் அதே இடியைத்தான் எழுப்புவார். விமானத்தைவிட உடம்பு சிறியது, அதனால் அதிர்வும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் விமானம் பல கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, இவர் தெருவிளக்கு உயரத்தில் வருகிறார். குழந்தை பிழைத்ததற்கு ஊரே கைதட்டும். மறுநாள் காலை கண்ணாடி உடைந்த கடைக்காரர் கேட்பார்: இதற்கு யார் காசு கொடுப்பது?

ஓக்லஹோமாவில் இந்தக் கேள்விக்குப் பதில் எளிது. விமானம் அரசுடையது, ஆகவே மனு அரசுக்குப் போனது. பறக்கும் மனிதர் யாருடைய ஆள்? நிஜ உலகம் சூப்பர்ஹீரோவை எப்படி எதிர்கொள்ளும் என்று யோசிக்க ஆரம்பித்தால், வில்லனோ விண்கல்லோ அல்ல, இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். போலீஸ், நீதிமன்றம், காப்பீடு, ராணுவம் என்று ஒவ்வோர் இடமும் இதையே தன் மொழியில் கேட்கும். இதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை. சூப்பர்ஹீரோ வந்ததில்லை என்றாலும், அவரைத் துண்டு துண்டாக உலகம் ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. உதாரணங்களை அமெரிக்காவிலிருந்தே பெரும்பாலும் எடுக்கிறேன். இந்தக் கதாபாத்திரங்கள் பிறந்த ஊர் அது, அவர்கள் மீறும் சட்டங்களும் அந்த ஊர்ச் சட்டங்கள்தான்.

தெருவில்

சக்தி எதுவும் இல்லாமல், உடையும் துணிச்சலும் மட்டும் உள்ளவர்களிடமிருந்து தொடங்கலாம். 2011-ல் சியாட்டில் நகரில் ‘ஃபீனிக்ஸ் ஜோன்ஸ்’ என்ற பெயரில், கறுப்பும் தங்கநிறமுமான கவச உடையோடு ஒருவர் இரவு ரோந்து சுற்றிக்கொண்டிருந்தார். அந்த அக்டோபரில் தெருவில் ஒரு கூட்டம் அடித்துக்கொள்வதாக நினைத்து, ஓடிப்போய் மிளகு ஸ்பிரே அடித்தார். அங்கிருந்தவர்கள் சண்டையே இல்லை என்றார்கள். போலீஸ் கைது செய்தது அவரைத்தான். நீதிமன்றத்தில் முகமூடியைக் கழற்ற வேண்டி வந்தது. கடைசியில் வழக்குப் பதிவாகவில்லை என்றாலும், நிஜப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. நம் ஊர்ப் படங்களில் எல்லாம் முடிந்த பிறகு போலீஸ் வந்து கைகுலுக்கும். இங்கே வந்து விலங்கு மாட்டியது. தூரத்தில் நடக்கும் கைகலப்பில் யார் நல்லவர் என்று பார்த்தவுடன் தெரியாது என்பது பயிற்சி பெற்ற போலீஸுக்கே உள்ள சிக்கல். ஒரே அடியில் சுவரை உடைக்கக்கூடியவர் இதே தப்பைச் செய்தால், கண்ணெரிச்சலோடு முடியாது.

நியூயார்க்கில் 1979-ல் கார்டியன் ஏஞ்சல்ஸ் என்ற குழு தொடங்கியது. சிவப்புத் தொப்பி, வெறுங்கை, சுரங்க ரயிலில் ரோந்து. பயணிகளுக்குப் பிடித்துப்போனது. மேயர் எட் காக்குக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. அப்புறம் என்ன ஆனது என்பதுதான் கவனிக்க வேண்டியது: நகர நிர்வாகம் அவர்களோடு உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது, அடையாள அட்டை கொடுப்பது வரை. ஒழிக்க முடியாத ஒன்றை அரசு பதிவேட்டில் ஏற்றிவிடும். பல வருடம் கழித்து 1992-ல், தொடக்க காலத்துச் சாகசங்கள் சில விளம்பரத்துக்காக ஜோடிக்கப்பட்டவை என்று அதன் நிறுவனரே ஒப்புக்கொண்டார். நிஜ சூப்பர்ஹீரோக்களிடமும் இது நடக்கும் என்றே நினைக்கிறேன். காப்பாற்றுவதற்குக் கிடைக்கும் புகழ் பெரிதாக இருக்கும் இடத்தில், காப்பாற்ற வேண்டிய சம்பவங்களை உண்டாக்கும் ஆசையும் கூடவே வரும்.

மக்கள் மனது எப்படித் திரும்பும் என்பதற்கு அதே சுரங்க ரயிலில் இன்னொரு கதை உண்டு. 1984 டிசம்பர் 22 அன்று நான்கு இளைஞர்கள் நெருங்கி ஐந்து டாலர் கேட்டபோது, பெர்னார்ட் கெட்ஸ் என்ற பயணி அனுமதியில்லாத துப்பாக்கியை எடுத்து நால்வரையும் சுட்டார். ஒருவர் முடமானார். சுட்டவரைப் பற்றித் துப்புக் கொடுக்க போலீஸ் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தது. துப்பைவிடப் பாராட்டுதான் அதிகம் குவிந்தது. 1987-ல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டனை. 1996-ல் முடமான இளைஞர் தொடுத்த உரிமையியல் வழக்கில் வேறொரு ஜூரி, 4.3 கோடி டாலர் கொடு என்று தீர்ப்பளித்தது. இடையே 12 வருடம். அதே மனிதர், அதே துப்பாக்கி, அதே ஐந்து டாலர்.

நீதிமன்றத்தில்

விஷயம் சுவாரஸ்யமாவது இங்கேதான். நம் ஹீரோ நள்ளிரவில் ஒரு கிடங்கின் கூரையை உடைத்து உள்ளே போகிறார், போதைப்பொருள் மூட்டைகளைக் கண்டுபிடிக்கிறார், கும்பலைக் கட்டிப்போட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். வாரண்ட் இல்லாமல் எடுத்த ஆதாரம் செல்லாது, எல்லாரும் விடுதலை என்றுதான் பலரும் சொல்வார்கள்.

அமெரிக்கச் சட்டப்படி அது சரியல்ல. வாரண்ட் வேண்டும் என்ற அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. தனி மனிதரை அல்ல. 1921-ல் பர்டோ எதிர் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகவே சொன்னது: தனியார் ஒருவர் திருடிக் கொண்டுவந்த காகிதங்களை, அந்தத் திருட்டில் அரசுக்குப் பங்கில்லை என்றால், அரசு ஆதாரமாகப் பயன்படுத்தலாம். ஆகவே யாருக்கும் கட்டுப்படாத முகமூடி மனிதர் கொண்டுவந்த மூட்டை செல்லும். கூரையை உடைத்ததற்கு அவர் மேல் தனி வழக்கு வரும், அது வேறு.

இப்போது போலீஸ் கமிஷனர் மொட்டை மாடியில் விளக்கைப் போட்டு அவரை அழைக்கிறார் என்று வையுங்கள். அந்த விளக்கு எரிந்த நொடியில் அவர் தனி மனிதர் இல்லை. போலீஸ் ஏவிய ஆள். போலீஸுக்கு உள்ள கட்டுப்பாடு எல்லாம் அவருக்கும் வந்துவிடும். 1961-ன் மேப் எதிர் ஓஹையோ தீர்ப்புக்குப் பிறகு, வரம்பு மீறி எடுத்த ஆதாரத்தை மாநில நீதிமன்றங்களும் ஒதுக்கியாக வேண்டும். கதைகளில் போலீஸும் ஹீரோவும் நண்பர்களாகும் காட்சியில்தான் நாம் நிம்மதியாகிறோம். குற்றவாளியின் வக்கீல் அதைவிட நிம்மதியாவார்.

சரி, அடுத்தது சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் எதிர்கொள்ளலாம் என்பது ஆறாவது திருத்தம் தரும் உரிமை. உங்கள் பெயர் என்ன, கண் பார்வை எப்படி, எதிராளியோடு முன்விரோதம் உண்டா என்று குறுக்கு விசாரணை நடக்கும். பெயரே சொல்லமாட்டேன், முகத்தைக் காட்டமாட்டேன் என்று கூண்டில் ஏறும் சாட்சியை எந்த நீதிபதியும் எளிதில் ஏற்கமாட்டார். தெருவில் முகமூடி போடுவதற்கே நியூயார்க் மாநிலத்தில் நெடுங்காலம் தடை இருந்தது. 1845-ல் நிலக்கிழார்களை எதிர்த்து மாறுவேடத்தில் கிளர்ச்சி செய்த குத்தகை விவசாயிகளை அடக்கக் கொண்டுவந்த சட்டம் அது. கோவிட் வந்து எல்லாரும் முகக்கவசம் போட்ட பிறகு, 2020-ல்தான் நீக்கினார்கள்.

காப்பாற்றாமல் விட்டதற்கு வழக்குப் போட முடியுமா என்று கேட்பீர்கள். பொதுவாக முடியாது. முன்பின் தெரியாதவரைக் காப்பாற்றும் கடமை அமெரிக்கச் சட்டத்தில் பெரும்பாலும் யாருக்கும் இல்லை. நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை போலீஸ் அமல்படுத்தவில்லை என்ற காசில் ராக் வழக்கில்கூட, அதை அரசியல் சாசன உரிமையாகக் கேட்க முடியாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டால் கவனமாகச் செய்ய வேண்டும். தப்பாகப் பிடித்து விலா எலும்பை உடைத்தால் வழக்கு வரலாம். சட்டத்தின் கண்ணில், வீட்டில் படுத்துத் தூங்கும் சூப்பர்ஹீரோதான் பத்திரமான சூப்பர்ஹீரோ.

போகிற போக்கில் ஒன்று. காமிக்ஸில் பிறவியிலேயே சக்தியோடு வரும் பிறழ்வு மனிதர்கள் மனிதர்களா என்ற கேள்விக்கு ஒரு நிஜ நீதிமன்றம் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது, சுங்கவரிக்காக. மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீதம், மற்றப் பொம்மைக்கு 6.8 சதவீதம் என்று வரி இருந்த காலம். அப்படிப்பட்டவர்களின் கூட்டமான எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், இவர்கள் மனிதர்களே அல்ல என்று வாதாடியது. 2003-ல் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எங்களையும் மனிதராக நடத்துங்கள் என்று அந்தப் பாத்திரங்கள் பல ஆண்டுகளாகப் பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தவை.

இடிந்த கட்டடத்தின் கணக்கு

இரண்டு பேர் பறந்து பறந்து அடித்துக்கொண்டதில் நாலு மாடி சரிந்தது. காப்பீட்டுப் பத்திரங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: போரால் வந்த சேதத்துக்குப் பணம் கிடையாது. அப்படியானால் இந்தச் சண்டை போரா?

1970 செப்டம்பரில் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர்கள் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்றைக் கடத்தி, கெய்ரோவில் பயணிகளை இறக்கிவிட்டு, விமானத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுமார் 2.4 கோடி டாலர் மதிப்பு. இது போர், ஆகவே தரமாட்டோம் என்றன ஒரு பகுதிக் காப்பீட்டு நிறுவனங்கள். 1974-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது: போர் என்றால் அரசுகளுக்கு இடையே, அல்லது அரசு போலவே நடக்கும் அமைப்புகளுக்கு இடையே நடப்பது, கடத்தியவர்கள் எந்த அரசின் ஆட்களும் அல்ல, பணத்தைக் கொடு. ஆக, தனியாளாக வரும் வில்லன் உங்கள் வீட்டை இடித்தால் காப்பீடு கிடைக்க வாய்ப்பு உண்டு. அவனை ஒரு நாடு அனுப்பியிருந்தால் கிடைக்காமல் போகலாம். கல் அதே கல்தான், விழுந்ததும் அதே வீட்டின் மேல்தான்.

இன்னொரு தகராறும் வரும்: இது ஒரு சம்பவமா, பல சம்பவங்களா? பத்திரத்தில் ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இருக்கும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, உலக வர்த்தக மையத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் இரண்டு விமானம், இரண்டு சம்பவம் என்றார். நிறுவனங்கள் ஒரே சதி, ஒரே சம்பவம் என்றன. 2004-ல் ஒரு ஜூரி சில நிறுவனங்களுக்கு ஒன்று என்றும், வேறொரு ஜூரி வேறு சில நிறுவனங்களுக்கு இரண்டு என்றும் தீர்ப்புச் சொன்னது. கணக்குத் தீர 2007 ஆனது. இரண்டு மோதலுக்கே இந்தப் பாடு. நகரத்தின் குறுக்கே ஒரு மணி நேரம் நடக்கும் சண்டையில் ஒவ்வொரு குத்தும் ஒரு சம்பவமா என்று வாதாடியே வக்கீல்கள் பேரப்பிள்ளைகளைப் படிக்கவைத்துவிடுவார்கள்.

அரசுகள் சும்மா இருக்குமா?

இவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு சங்கிலித் திருடர்களைத் துரத்துவதே ஒரு வீணடிப்பு என்று எனக்குத் தோன்றும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் எடை 400 டன்னுக்கு மேல். அதைத் துண்டு துண்டாக ஏற்றிப் பொருத்த 1998 முதல் 2011 வரை 40-க்கு மேற்பட்ட பயணங்கள் ஆயின. ஒரு கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு வானுக்குப் போகக்கூடியவர் அதை ஒரு வார வேலையாக முடிப்பார். நிறுவனங்கள் வாசலில் வரிசை கட்டும்.

அரசு அவற்றை விடாது என்பதுதான் சிக்கல். சுற்றுப்பாதைக்கு ஒன்றைக் கொண்டுபோகத் தெரிந்தவருக்கு, அதைத் திரும்ப எந்த நகரத்தின் மேல் வேண்டுமானாலும் போடவும் தெரியும். ராக்கெட் தொழில்நுட்பத்தை அமெரிக்கா ஆயுத ஏற்றுமதி விதிகளுக்குள் வைத்திருப்பதும், அதன் வரைபடத்தை வெளிநாட்டவரிடம் காட்டுவதற்கே அனுமதி கேட்பதும் அதனால்தான். பறக்கும் மனிதரை அது எந்த அலமாரியில் வைக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

சூப்பர் சக்தி இருப்பதாகச் சொன்னால் அரசுகள் சிரிக்கும் என்று நினைக்க வேண்டாம். 1970-களில் தொடங்கி 1995 வரை, தொலைவில் இருப்பதை மனக்கண்ணால் பார்க்க முடியும் என்றவர்களை வைத்து அமெரிக்க உளவு, ராணுவ அமைப்புகள் சுமார் 2 கோடி டாலர் செலவழித்தன. கடைசிக் கட்டத்தில் ஸ்டார்கேட் என்று பெயர். உளவு வேலைக்கு ஒருமுறைகூடப் பயன்பட்டதாகத் தெரியவில்லை என்று மதிப்பீடு வந்த பிறகுதான் மூடினார்கள். ரஷ்யர்களிடம் அப்படி ஒருவர் இருந்துவிட்டால் என்ற பயமே இருபது வருடத்துக்குப் பணம் கொடுக்கவைத்தது.

உண்மையான சக்தி என்றால் போட்டி எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா ‘ஆபரேஷன் பேப்பர்கிளிப்’ மூலம் சுமார் 1,600 ஜெர்மன் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் அழைத்துப் போனது. நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்த வெர்னர் ஃபான் பிரவுனும் அதில் ஒருவர்; பின்னாளில் நிலவுக்குப் போன ராக்கெட்டின் தலைமை வடிவமைப்பாளர் அவர்தான். சோவியத் யூனியன் 1946 அக்டோபரில் தன் பகுதியிலிருந்து 2,000-க்கு மேற்பட்ட நிபுணர்களை ரயிலேற்றிக் கொண்டுபோனது. இவர் என்ன செய்தவர் என்பதைவிட, எதிராளிக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதே பெரிதாக இருந்தது. அணுகுண்டு விஷயமும் அப்படியே. 1945-ல் அமெரிக்காவிடம் மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் சர்வதேச அமைப்பிடம் ஒப்படைக்கலாம் என்று அமெரிக்காவே 1946-ல் ஐ.நா.வில் பரூக் திட்டத்தை வைத்தது. சோவியத் நம்பவில்லை, 1949 ஆகஸ்ட் 29-ல் சொந்தக் குண்டை வெடித்தது. அப்புறம் பிரிட்டன், பிரான்ஸ், 1964-ல் சீனா, பத்து வருடம் கழித்து பொக்ரானில் இந்தியா, 1998-ல் பாகிஸ்தான். ஒரு நாட்டில் ஒரு சூப்பர்ஹீரோ என்பது நீண்ட நாள் நிலைக்கிற விஷயம் இல்லை.

அந்த ஹீரோ நல்ல மனதோடு எல்லை தாண்டிப் போய் வேறொரு நாட்டின் சிறையிலிருந்து அப்பாவிகளை விடுவித்தால்? தனியாளாகப் போனால் அந்த ஊரில் குற்றவாளி. நாட்டின் ஆளாகப் போனால், 1945-ன் ஐ.நா. சாசனம் தடுக்கும் படைபலப் பிரயோகம். ஆகவே அவருடைய நாடு முதலில் ‘எங்கள் ஆள் இல்லை’ என்றுதான் சொல்லும். 1960 மே 1-ல் யு-2 உளவு விமானத்தை சோவியத் வீழ்த்தியபோது, வானிலை ஆராயப் போன விமானம் வழி தவறிவிட்டது என்றது அமெரிக்கா. விமானி கேரி பவர்ஸ் உயிரோடு இருப்பதை சோவியத் தலைவர் குருஷேவ் அறிவித்ததும் அந்தக் கதை நொறுங்கியது. அந்த மாதமே பாரிஸில் நடக்க இருந்த வல்லரசுத் தலைவர்களின் உச்சிமாநாடும் அதோடு போனது.

குண்டை அவிழ்த்துப் பார்க்கலாம், எண்ணலாம், ஒப்பந்தம் போட்டுக் குறைக்கலாம். மனிதருக்கு விருப்பம் இருக்கிறது, உரிமைகள் இருக்கின்றன. மாட்டேன் என்று ஹீரோ சொன்னால்? கட்டாய உழைப்பை அமெரிக்க அரசியல் சாசனத்தின் பதின்மூன்றாவது திருத்தம் தடை செய்கிறது. ஆனால் கட்டாய ராணுவச் சேவை அந்தத் தடைக்குள் வராது என்று 1918-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1973-க்குப் பிறகு அங்கே யாரையும் கட்டாயமாகச் சேர்க்கவில்லை என்றாலும் பதிவேடு இன்றும் இருக்கிறது. 18 முதல் 25 வயது வரை உள்ள ஆண்களின் பெயர் அதில் இருக்க வேண்டும். அந்த வயதுப் பையன் ஒருவன் நாளைக்குப் பறக்க ஆரம்பித்தால் அவனைக் கூப்பிடப் புதிய பதிவேடு எதுவும் திறக்க வேண்டியிருக்காது. கட்டாயச் சேர்ப்பைத் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டால் போதும். அப்படி ஒருவன் வந்த வாரத்தில் அந்த வாக்கெடுப்பில் எதிர்த்து எத்தனை கை எழும் என்று தெரியவில்லை.